நிறைகுடம் தளும்பாது! - ஆட்டக்காரர் விசென்ட் டெல் போஸ்கே மேனேஜரான வரலாறு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். விளையாட்டைப் பற்றி எழுதுவதா, நாளை நாம் பார்க்கப்போகும் வேலையைப் பற்றி எழுதுவதா என்று யோசித்தேன். இரண்டையும் சேர்த்தே எழுத இடம் கொடுக்கும் ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். ஸ்பெயின் நாட்டுக்காரர். பெயர் விசென்ட் டெல் போஸ்கே.

ஹாஸ்டலில் ஃபுட்பால் பேச்சு எடுத்தால் மெஸ்ஸி, ரொனால்டோ என்று விடிய விடியப் பேசுவோம். மேனேஜர் என்றால் கார்டியோலா, மொரின்யோ. டெல் போஸ்கே பெயரைச் சொன்னால் வரும் பதில் இதுதான்: "யாரு, அந்த மீசைக்காரப் பெரியவரா? அந்த டீமை யார் வச்சிருந்தாலும் கப் வந்திருக்கும்டா. அவரு சும்மா உக்காந்திருந்தாரு, அவ்வளவுதான்!"

இந்த ஒரு வாக்கியம் உண்மையா பொய்யா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உலகக் கோப்பை, ஐரோப்பிய நாடுகள் கோப்பை (யூரோ), கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் ஆகிய மூன்றையும் மேனேஜராக இருந்து வென்றவர் இதுவரை உலகத்தில் இவர் ஒருவர்தான். சும்மா உட்கார்ந்திருந்த ஒருவருக்கு மூன்றும் கிடைக்குமா? பார்ப்போம்.

(ஃபுட்பாலில் மேனேஜர் என்றால் ஆபீஸ் மேனேஜர் அல்ல. பயிற்சி கொடுப்பது, பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது, யாரை எப்போது உள்ளே இறக்குவது, யாரை வெளியே எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தோற்றால் பதில் சொல்வதும் அவரே.)

ரயில்வே ஊழியரின் மகன்

1950 டிசம்பர் 23-இல் சலமான்கா நகரில் டெல் போஸ்கே பிறந்தார். பழம்பெரும் பல்கலைக்கழகத்துக்குப் பெயர்போன ஊர் அது. ஆனால் இவர் வீடு பேராசிரியர் வீடு அல்ல. தந்தை ரயில்வே ஊழியர். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் தன் அரசியல் கருத்துக்காகச் சிறை சென்று வந்தவர். அதன் பின் பல பத்தாண்டுகள் ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிதான். அப்படிப்பட்ட வீட்டில் சத்தமாகப் பேசும் பழக்கம் எப்படி வரும்?

பதினேழு வயதில், 1968-இல், மாட்ரிட் நகரின் பெரிய கிளப்பான ரியல் மாட்ரிட் அவரைச் சேர்த்துக்கொண்டது. உடனே முதல் அணியில் இடம் கிடைத்துவிடவில்லை. கஸ்தெயோன், கோர்டோபா போன்ற சிறிய கிளப்புகளுக்குக் கடனாக அனுப்பி ஆட வைத்தார்கள். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் அப்ரெண்டிஸ் காலம். அதை முடித்துத் திரும்பி வந்து, 1984 வரை ரியல் மாட்ரிட்டின் மிட்ஃபீல்டில் ஆடினார்.

ஆட்டக்காரராக அவர் பெற்றவை: லீக் பட்டம் 5, ஸ்பெயின் கோப்பை 4. நாட்டுக்காக 18 ஆட்டங்கள். 1981-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம்வரை போய், லிவர்பூலிடம் 0-1 என்று தோற்ற அணியிலும் இருந்தார்.

அவர் வேகமாக ஓடக்கூடியவர் அல்ல. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்பவர். வந்த பந்தை அலட்டிக்கொள்ளாமல் சரியான ஆளுக்கு அனுப்புபவர். வேகம் இல்லாதவன் கண்ணை நம்ப வேண்டும், மூளையை நம்ப வேண்டும். பிற்காலத்தில் மேனேஜராக அவருக்குக் கைகொடுத்ததும் இதே குணம்தான் என்பது என் கருத்து.

யாரும் பார்க்காத பதினைந்து ஆண்டுகள்

1984-இல் ஆட்டத்தை நிறுத்தியதும் பேரும் புகழும் தேடி வேறு கிளப்புக்குப் போகவில்லை. அதே ரியல் மாட்ரிட்டில் சிறுவர்களையும் இளைஞர்களையும் பயிற்றுவிக்கும் பிரிவில் சேர்ந்தார். 1984 முதல் 1999 வரை, பதினைந்து ஆண்டுகள் இப்படியே ஓடின.

இடையில் இருமுறை முதல் அணியைக் கையில் கொடுத்தார்கள். 1994-இல் மேனேஜரை நீக்கியபோது சீசன் முடியும்வரை பார்த்துக்கொள் என்றார்கள். பார்த்துக்கொண்டார். புது மேனேஜர் வந்ததும் திரும்பச் சிறுவர்களிடம் போனார். 1996-இல் மறுபடி கூப்பிட்டார்கள். அதுவும் சில நாள்தான். மறுபடி பழைய இடம்.

நண்பர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரிய நாற்காலியில் உட்கார வைத்து, பிறகு எழுந்திரு என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? "என்னை அவமானப்படுத்திட்டாங்க" என்று ரிசைன் பண்ணிவிட்டுப் போய்விடுவோம். இவர் போகவில்லை. காரணம், அந்தச் சின்ன வேலையை அவர் சின்ன வேலையாக நினைக்கவில்லை.

அதன் பலன் பிறகு தெரிந்தது. அந்தப் பயிற்சிப் பள்ளியில் சிறு பையனாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் கோல்கீப்பர் இகர் காசியாஸ். 2010-இல் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தவர் அவரே.

1999 - 2003: நட்சத்திரங்களுக்கு நடுவே

1999 நவம்பரில் ரியல் மாட்ரிட் தள்ளாடிக்கொண்டிருந்தது. மேனேஜர் ஜான் டோஷாக்கை நீக்கிவிட்டு மூன்றாம் முறையாக டெல் போஸ்கேயைக் கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 48.

அந்த சீசனில் லீக்கில் ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. சாம்பியன்ஸ் லீக்கிலும் இடையில் அடி விழுந்தது. ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கிடம் 2-4, 1-4 என்று இரண்டு ஆட்டத்திலும் நாலு நாலு கோல் வாங்கினார்கள். ஆனால் காலிறுதியில் நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்றார்கள். அன்று வழக்கமான அமைப்பை மாற்றி, பின்னால் மூன்று நடு டிஃபெண்டர்களை நிறுத்தினார் டெல் போஸ்கே. அரையிறுதியில் அதே பேயர்ன் வந்தது. இம்முறை இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-2 என்று வென்றது மாட்ரிட். 2000 மே 24-இல் பாரிஸில் நடந்த இறுதியாட்டத்தில் வலென்சியா அணியை 3-0 என்று தோற்கடித்தார்கள். அன்று கோலைக் காத்த காசியாஸுக்கு 19 வயது முடிந்து நான்கே நாள்!

அதே 2000-இல் கிளப்புக்கு ஃபுளோரென்டினோ பெரஸ் தலைவரானார். வருடத்துக்கு ஒரு உலக நட்சத்திரத்தை வாங்குவது அவர் திட்டம். 2000-இல் ஃபிகோ, 2001-இல் ஜிடேன், 2002-இல் பிரேசிலின் ரொனால்டோ. ஏற்கனவே ராவுல், ராபர்டோ கார்லோஸ், கேப்டன் ஹியர்ரோ எல்லாம் உண்டு. விலை கொடுத்து வாங்கிய ஜிடேன்களையும், பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பவோன் போன்ற பையன்களையும் சேர்த்து ஆட வைப்பதே கொள்கை.

இங்கேதான் மேனேஜரின் கஷ்டம் இருக்கிறது. உலகத்திலேயே விலை உயர்ந்த ஆட்டக்காரரிடம் போய், "பந்து போனால் நீயும் பின்னால் ஓடி வா" என்று எப்படிச் சொல்வது? கத்தினால் அவர் முறைத்துக்கொள்வார். கெஞ்சினால் மதிக்க மாட்டார். டெல் போஸ்கே கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஓடுகிற வேலையை ஓடத் தெரிந்தவரிடம் கொடுத்தார். அவர் பெயர் மகெலேலே. எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதுதான் மகெலேலேயின் வேலை. பேப்பரில் போட்டோ வராது. ஆனால் அவர் பின்னால் நின்றதால்தான் ஜிடேன் முன்னால் நின்று வித்தை காட்ட முடிந்தது.

2002 மே 15, கிளாஸ்கோ. ஜெர்மனியின் லெவர்குசன் அணியுடன் சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஜிடேன் அந்தரத்தில் வந்த பந்தை இடது காலால் அடித்த கோலை நாமெல்லாம் வீடியோவில் பார்த்திருக்கிறோம். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அன்று காசியாஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் கோல்கீப்பராக ஆடியவர் சீசர். இரண்டாம் பாதியில் சீசருக்குக் காயம். உள்ளே வந்த காசியாஸ் கடைசி நிமிடங்களில் அடுத்தடுத்துப் பந்துகளைத் தடுத்துக் கோப்பையைக் காப்பாற்றினார். பெஞ்சில் உட்கார வைத்த பையன் மனசு உடையாமல், தயாராக இருந்தான்! பெஞ்சில் இருப்பவனையும் அணியில் ஒருவனாக வைத்திருப்பது ஒரு தனிக் கலை.

நான்கு சீசனில் வந்த பட்டங்கள்: சாம்பியன்ஸ் லீக் 2 (2000, 2002), லீக் 2 (2001, 2003), இவற்றோடு ஸ்பெயின் சூப்பர் கோப்பை, ஐரோப்பிய சூப்பர் கோப்பை, கண்டங்களுக்கிடையிலான கோப்பை. மொத்தம் ஏழு.

ஜெயித்த மறுநாள் வேலை போனது

2003 ஜூன் 22-இல் லீக் பட்டம் உறுதியானது. ஜூன் 23-இல் டெல் போஸ்கேக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று கிளப் அறிவித்தது! வேறு மாதிரியான, நவீனமான ஆள் தேவை என்பதே சொல்லப்பட்ட காரணத்தின் சாரம். 1968-இலிருந்து இருந்த வீடு அது. மீசையும் தொப்பையுமாக அமைதியாக நிற்பவர் விளம்பரத்துக்குச் சரிப்படவில்லை போலும்.

அந்த ஆண்டே டேவிட் பெக்காம் வந்தார். மகெலேலே செல்சி கிளப்புக்குப் போனார். ஹியர்ரோவும் விடைபெற்றார். மொரியெண்டஸ் மொனாக்கோவுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். அடுத்த வசந்தத்தில் அதே மொரியெண்டஸ் அடித்த கோல்களால் ரியல் மாட்ரிட் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் வெளியேறியது. மாட்ரிட்டுக்கு அடுத்த லீக் பட்டம் 2007-இல்தான் வந்தது. அடுத்த சாம்பியன்ஸ் லீக் 2014-இல்!

லேப் பாஷையில் சொன்னால் இது ஓர் எக்ஸ்பரிமெண்ட். "யார் வைத்திருந்தாலும் ஜெயிக்கும் டீம்" என்றால், ஆளை மாற்றிய பிறகும் ஜெயித்திருக்க வேண்டுமே? ஆனால் நியாயமாகப் பார்த்தால், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பாகங்களைக் கழற்றிவிட்டார்கள். மேனேஜரும் போனார், மகெலேலேயும் போனார், ஹியர்ரோவும் போனார். எதனால் மெஷின் நின்றது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். மகெலேலேயின் அருமை தெரிந்தவர் டெல் போஸ்கே. அவர் இருந்த இடத்தில் அந்த அருமை தெரியாத தீர்மானம் வந்துவிட்டது.

பிறகு துருக்கியில் பெஷிக்டாஷ் கிளப்புக்குப் போனார். அது சரிப்படவில்லை. 2005 ஜனவரியில் அங்கும் வேலை போயிற்று. எல்லாரும் "முடிஞ்சுபோச்சு" என்று எழுதிய காலம் அது.

2008: ஓடுகிற மெஷினைப் பிரிக்காதே!

2008 ஜூனில் ஸ்பெயின் 44 ஆண்டு கழித்து யூரோ கோப்பையை வென்றது. அந்த அணியைக் கட்டியவர் லூயிஸ் அரகோனஸ். உயரமும் பலமும் குறைந்த, ஆனால் பந்தை விடாமல் சின்னச் சின்ன பாஸ்களாகக் கொடுத்து ஆடக்கூடிய சாவி, இனியெஸ்டா போன்றவர்களை நம்பி அவர் உருவாக்கிய பாணி அது. அவர் விலகியதும் அந்த ஜூலையில் டெல் போஸ்கே பொறுப்பேற்றார்.

புதிதாக வரும் மேலாளர்கள் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? தன் பெயர் விளங்க வேண்டும் என்று பழையதைக் கலைப்பார்கள். டெல் போஸ்கே கலைக்கவில்லை. அரகோனஸின் பாணியை அப்படியே வைத்துக்கொண்டார். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. எந்த இடத்தில் புதிய பாகம் வேண்டுமோ அங்கே மட்டும் மாற்றினார். 2008 அணியில் இல்லாத பிக்கே, புஸ்கெட்ஸ், பெத்ரோ மூவரையும் கொண்டுவந்தார். மூவரும் 2010 இறுதியாட்டத்தில் முதல் பதினொருவரில் ஆடினார்கள்.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 10 ஆட்டம், 10 வெற்றி.

2010: முதல் ஆட்டமே தோல்வி

2010 ஜூன் 16, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர். உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு முதல் ஆட்டம். எதிரி சுவிட்சர்லாந்து. பந்து முழுக்க ஸ்பெயினிடம். கோல் அடித்தது சுவிட்சர்லாந்து. 0-1 தோல்வி.

ஸ்பெயின் பத்திரிகைகள் பொங்கின. குறை சொன்னவர்கள் எல்லாரும் ஓர் இடத்தைத்தான் சுட்டினார்கள். டிஃபென்ஸுக்கு முன்னால் புஸ்கெட்ஸ், சாபி அலோன்சோ என்று இரண்டு பேர் எதற்கு? ஒருவர் போதாதா? ஒருவரை எடுத்துவிட்டு முன்னால் ஒரு ஆளைப் போடலாமே?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்பெயின் அணி பந்தை வைத்துக்கொண்டு முன்னேறும்போது இரு ஓரத்து டிஃபெண்டர்களும் மேலே ஏறிவிடுவார்கள். அந்த நேரத்தில் பந்து பறிபோனால் பின்னால் பெரிய காலியிடம். அந்த இடத்தைக் காப்பதோடு, பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கிச் சரியான திசைக்குத் திருப்பிவிடுவதும் இந்த இருவரின் வேலை. மெஷினுக்கு அடியில் இருக்கும் ஃபவுண்டேஷன் போல்ட் மாதிரி. ஓடும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. லூசானால்தான் மெஷினே ஆடும்.

நாடே எதிர்த்தும் டெல் போஸ்கே அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றவில்லை. ஏழு ஆட்டத்திலும் இருவரும் முதலிலிருந்தே ஆடினார்கள். அதிகம் திட்டு வாங்கியவர் 21 வயது புஸ்கெட்ஸ். நான் மறுபடி ஆட்டக்காரனானால் புஸ்கெட்ஸ் மாதிரி ஆடவே ஆசைப்படுவேன் என்ற பொருளில் டெல் போஸ்கே வெளிப்படையாகவே சொன்னார். தோற்ற அன்று ஜூனியரைத் தள்ளிவிட்டுத் தான் தப்பிக்கும் பெரியவர்களையே பார்த்த நமக்கு இது ஆச்சரியம்தான்.

அவர் சும்மாவா உட்கார்ந்திருந்தார்? கீழே பாருங்கள்.

1. போர்ச்சுகலுடன் ஆட்டம் 0-0. 58-ஆம் நிமிடம், பெரிய நட்சத்திரமான டோரஸை வெளியே எடுத்து, உயரமான யொரெண்டேயை இறக்கினார். நடு டிஃபெண்டர்கள் அவரையே கவனிக்க வேண்டியதாயிற்று. ஐந்தே நிமிடத்தில் டேவிட் வியா கோல். 1-0.

2. பராகுவேயுடன் காலிறுதி. காசியாஸ் ஒரு பெனால்டியைத் தடுத்தார். உடனே ஸ்பெயினுக்குக் கிடைத்த பெனால்டியும் வீண். 83-ஆம் நிமிடம் வியா. 1-0.

3. ஜெர்மனியுடன் அரையிறுதி. டோரஸுக்குப் பதிலாக இளைஞர் பெத்ரோ முதலிலேயே களமிறங்கினார். 73-ஆம் நிமிடம் புயோல் தலையால் முட்டிய கோல். 1-0.

4. ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க், நெதர்லாந்துடன் இறுதி. அடிதடி ஆட்டம். 60-ஆம் நிமிடம் பெத்ரோவை எடுத்து நவாஸ். 87-ஆம் நிமிடம் அலோன்சோவை எடுத்து ஃபாப்ரிகாஸ். அதாவது மற்றவர்கள் பயந்து டிஃபென்ஸைக் கூட்டும் நேரத்தில் இவர் கோல் தேடும் ஆளை இறக்கினார்! கூடுதல் நேரத்தில் வியாவை எடுத்து டோரஸ்.

116-ஆம் நிமிடம் வந்த கோலைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வலப்பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவர் நவாஸ். இடப்பக்கமிருந்து உள்ளே அனுப்பியவர் டோரஸ். எதிரி தட்டிவிட்ட பந்தைப் பிடித்து இனியெஸ்டாவிடம் கொடுத்தவர் ஃபாப்ரிகாஸ். இனியெஸ்டா அடித்தார், கோல்! பெஞ்சிலிருந்து வந்த மூன்று பேருக்கும் அந்தக் கோலில் பங்கு உண்டு. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஏழு ஆட்டத்தில் ஸ்பெயின் அடித்தது வெறும் 8 கோல். வாங்கியது 2. முதல் ஆட்டத்தில் தோற்று உலகக் கோப்பையை வென்ற முதல் நாடு ஸ்பெயின். கோல் விழுந்தபோதும், கோப்பை வந்தபோதும் டெல் போஸ்கே துள்ளிக் குதிக்கவில்லை. அதுதான் நிறைகுடம்! 2011-இல் ஸ்பெயின் மன்னர் அவருக்கு மார்க்விஸ் என்ற பிரபுப் பட்டம் வழங்கினார். சிறைக்குப் போன ரயில்வே ஊழியரின் மகன் பிரபு ஆனார்.

2012: சண்டைக்காரர்களை ஒரே மேஜையில்

2011 ஏப்ரல், மே மாதங்களில் 18 நாளுக்குள் நான்கு முறை ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மோதின. அடி, தள்ளு, வசை, சிவப்பு அட்டை. ஆகஸ்டிலும் அதே கதை. பிரச்சினை என்னவென்றால் ஸ்பெயின் அணியில் பாதிப்பேர் மாட்ரிட், பாதிப்பேர் பார்சிலோனா. நேற்று முகத்துக்கு முகம் முறைத்தவர்கள் நாளை ஒரே அறையில் உடை மாற்ற வேண்டும்.

முறிந்த உறவை ஒட்டவைக்க மாட்ரிட் காசியாஸ் பார்சிலோனா சாவிக்குப் போன் செய்து பேசினார். சின்ன வயதிலிருந்தே ஸ்பெயின் இளைஞர் அணியில் சேர்ந்து ஆடிய நண்பர்கள் அவர்கள். 2012-இல் இருவருக்கும் சேர்த்தே ஸ்பெயினின் உயரிய அஸ்தூரியஸ் இளவரசர் விருது கிடைத்தது. பாராட்டு ஆட்டக்காரர்களுக்குத்தான் போக வேண்டும். ஆனால் எந்தப் பக்கமும் சாயாத ஒருவர், அதுவும் மாட்ரிட்டிலேயே வளர்ந்தும் மாட்ரிட் பக்கம் சாயாத ஒருவர், மேலே உட்கார்ந்திருந்ததால்தான் அந்த ஒட்டு நிலைத்தது.

2012 யூரோவில் கால் முறிவால் வியா இல்லை. காயத்தால் புயோலும் இல்லை. டெல் போஸ்கே பல ஆட்டங்களில் ஃபார்வர்டே இல்லாமல், மிட்ஃபீல்டர் ஃபாப்ரிகாஸை முன்னால் நிறுத்தினார். "போரடிக்குது" என்றார்கள். ஜூலை 1-இல் கீவ் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் இத்தாலிக்கு எதிராக 4-0! கடைசி இரண்டு கோலும் பெஞ்சிலிருந்து வந்த டோரஸும் மாத்தாவும் அடித்தவை.

2014: அதே குணமே குறையானது

இத்துடன் நிறுத்தினால் இது பாராட்டுக் கட்டுரை ஆகிவிடும். படிப்புக் கட்டுரை ஆகாது.

2014 உலகக் கோப்பைக்கு டெல் போஸ்கே கொண்டுபோன 23 பேரில் 16 பேர் 2010-இல் இருந்தவர்கள். முந்தின ஆண்டே பிரேசில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில் 3-0 என்று எச்சரிக்கை மணி அடித்திருந்தது. முதல் ஆட்டத்தில் நெதர்லாந்து 5-1 என்று பழி தீர்த்தது. இரண்டாம் ஆட்டத்துக்கு சாவி, பிக்கே இருவரையும் வெளியே வைத்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. சிலி 2-0. இரண்டே ஆட்டத்தில் உலகச் சாம்பியன் வெளியே. 2016 யூரோவில் இத்தாலியிடம் 0-2 தோல்வி. அத்துடன் அவர் விலகினார். ஸ்பெயினுக்கு அவர் தலைமையில் 114 ஆட்டம், 87 வெற்றி.

தோற்றாலும் ஆட்களைக் கைவிடாதது 2010-இல் கோப்பை தந்தது. அதே குணம் 2014-இல் தோல்வி தந்தது. நல்ல பேரிங்தான், ஆனால் தேய்மானம் உண்டு. எப்போது மாற்றுவது என்று சொல்லும் சூத்திரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உழைத்துக் கொடுத்த ஆளிடம் "போதும்பா, ஓய்வெடு" என்று சொல்வது கத்துவதைவிடக் கஷ்டமான வேலை. டெல் போஸ்கேயாலும் அதை நேரத்தில் செய்ய முடியவில்லை. இதுவும் ஒரு பாடம்தான்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நண்பர்களே! நம்மில் நிறையப் பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நானும் அப்படித்தான். என் அப்பா லோடு தூக்கும் வேலை பார்க்கிறார். அவரைவிட வயதில் சின்ன மேஸ்திரி அவரை "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். டிப்ளமோ முடித்து நான் சூப்பர்வைசராகப் போனால் எனக்குக் கீழே என் அப்பா வயதில் ஒரு ஃபிட்டர் இருப்பார். இருபத்தைந்து வருஷ அனுபவம். மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். எனக்கு அது தெரியாது. என் கையில் சர்ட்டிபிகேட் மட்டும் இருக்கும். அவரை நான் எப்படிக் கூப்பிடப் போகிறேன்? எப்படி வேலை வாங்கப் போகிறேன்?

இன்பிளாண்ட் டிரெய்னிங்கின்போது இரண்டு ஷிஃப்டில் இரண்டு சூப்பர்வைசர்களைப் பார்த்தேன். ஒருவர் எல்லார் முன்னாலும் கத்துவார். அவர் தலை மறைந்ததும் வேலை நிற்கும். இன்னொருவர், "அண்ணே, இந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்பார். அந்த ஷிஃப்டில்தான் வேலை கூடுதலாக ஓடும். கத்துகிறவர்தான் கெட்டிக்காரர் என்று நமக்கு யார் சொன்னது? பயந்துகொண்டே வளர்ந்த நாம், பதவி வந்தால் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம்.

டெல் போஸ்கே வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை:

1. சின்ன வேலை கொடுத்தால் பதினைந்து வருஷமானாலும் அதைச் சுத்தமாகச் செய்.

2. ஓடுகிற மெஷினை உன் பெயருக்காகப் பிரிக்காதே. தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்று.

3. யாரும் பார்க்காத ஃபவுண்டேஷன் போல்ட்டை நீ பார்.

4. பெஞ்சில் இருப்பவனை மறக்காதே. கடைசி நிமிடக் கோல் அவனிடமிருந்து வரலாம்.

5. தோல்வி வந்தால் ஜூனியருக்கு முன்னால் நில். வெற்றி வந்தால் பின்னால் நில்.

6. ஆனால் கணக்கும் பார். பாசம் வேறு, தேய்மானம் வேறு.

"அவரு சும்மா உக்காந்திருந்தாரு" என்று ஆரம்பத்தில் சொன்ன வாக்கியத்துக்கு என் பதில் இதுதான். ஆமாம், உட்கார்ந்துதான் இருந்தார். நாடே எழுந்து நின்று கத்தும்போது ஒரு மனிதன் பதறாமல் உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு வேலை முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலைக்குப் போகும் எல்லா நண்பர்களுக்கும் என் வாழ்த்துகள். உங்கள் ஷிஃப்டில் சத்தம் மெஷினிடமிருந்து மட்டும் வரட்டும்!